மூணாவது மனுசன்

திருச்செங்கோட்டில் கல்யாண வெப்சைட் நடத்துகிற ஒருவருக்கு நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வருகிறவர்களிடம் என்னென்ன விவரம் வாங்குகிறோம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம், யாருக்குக் கொடுப்போம், யாருக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்கிற பக்கம். எல்லா வெப்சைட்டிலும் அடியில் பொடி எழுத்தில் அது கிடக்கும். யாரும் படிப்பதில்லை. எழுதச் சொல்லி என்னிடம் வரும்வரை நானும் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை.

என் பிழைப்பு இதுதான். நாமக்கல்லில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கித் தருவேன். கோழி மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், போர்வெல் போடுகிற ரிக் வண்டியின் கம்ப்ரசரை எப்படிப் பராமரிப்பது என்கிற புத்தகம், இப்படி எது வந்தாலும் சரி. எனக்குக் கோபம் சட்டென்று வரும். சொல் தப்பாக விழுந்தால் இன்னும் சீக்கிரம் வரும். ‘கோழிகள் முட்டைகளை உற்பத்தி செய்கின்றன’ என்றுதான் இருக்க வேண்டும் என்று அடம் பிடித்த கம்பெனிக்காரரிடம், எங்கள் ஊர்க் கோழி முட்டைதான் இடும், உற்பத்தி எல்லாம் செய்யாது என்று சொல்லி அந்த வேலையையே விட்டிருக்கிறேன்.

வெப்சைட்காரர் ஒரு காலத்தில் ரிக் வண்டியோடு வடக்கே பல வருஷம் போர்வெல் போட்டுத் திரிந்தவர். கூட வந்த ஆட்களில் பாதிப் பேருக்குப் பெண் அமையவில்லை, வண்டியில் ஏறினால் அதே பேச்சு, இறங்கினால் அதே பேச்சு என்பார். ஊர் திரும்பியதும் கல்யாணத் தகவல் மையம் ஒன்று வைத்தார். பிறகு அது வெப்சைட் ஆனது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். நல்ல மனுஷன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரைத் திட்டப் போகிறேன்.

முதல் சண்டை ‘ரகசியம்’ என்கிற சொல்லில் வந்தது. உங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும் என்று எழுதியிருந்தேன். அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. ரகசியம் என்று போட்டால் எதையோ மறைக்கிற குடும்பங்கள்தான் இங்கே வருகின்றன என்று பேச்சாகிவிடும், சனம் மிரண்டு ஓடிவிடும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நாமக்கல்லில் பஸ் ஏறித் திருச்செங்கோட்டில் இறங்குவதற்குள், பக்கத்துச் சீட்டு அம்மா எந்த ஊர், யார் வீட்டுப் பெண், என்ன கூட்டம், குலதெய்வம் எது, ஏன் ஒரு குழந்தையோடு நிறுத்திவிட்டேன் என்பது வரைக்கும் கேட்டு முடித்துவிடுவார். கூட்டம் என்றால் வம்சம். அதைச் சொன்னால் போதும், நான் யாருக்கு என்ன உறவு என்று அவரே கண்டுபிடித்துவிடுவார். பதில் சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று பெயர். நான் மட்டும் என்னவாம். கேட்காமல் வந்தால் எனக்கும் வாய் நமநமவென்றுதான் இருக்கும். கடைசியில் ‘ரகசியமாக’ என்பதை ‘பத்திரமாக’ என்று மாற்றினோம்.

குக்கீயைக் குக்கீ என்றே விட்டுவிட்டோம். பக்கத்தில் ஒரு பிஸ்கட் படம் போடலாமா என்று கேட்டார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அடுத்தது ‘மூன்றாம் நபர்’. அவர் கொடுத்திருந்த ஆங்கிலப் பக்கத்தில் வரிக்கு வரி அது வந்தது. மூன்றாம் தரப்பு என்று எழுதலாம்தான், ஆனால் அதில் கோர்ட் வாசனை அடிக்கும். அதனால் இப்படி எழுதினேன்: ‘உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் விவரங்களை மூன்றாம் நபர் யாருக்கும் தர மாட்டோம்.’ வாய்விட்டுப் படித்துக் காட்டியதும் அண்ணாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆமாங்க அம்மணி, நம்ம ஊட்டு விவரம் மூணாவது மனுசனுக்கு எதுக்குங்க என்றார். ஒரு சொல்லாவது சண்டையில்லாமல் தாண்டியதே என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பக்கத்தின் கடைசியில், குறை இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு நம்பர் இருக்க வேண்டும். அதற்கு இடம் விட்டுக் கொடுத்திருந்தேன். மனுஷன் அதில் என் நம்பரைப் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் விவரங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற பக்கத்திலேயே என் செல்போன் நம்பர் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிய நிற்கிறது!

அழைப்புகள் வர ஆரம்பித்தன. கெங்கவல்லியிலிருந்து ஒரு பெரியவர், பையனுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கிறது, அதற்குத் தோதாக ஒரு பெண் பாரம்மா என்றார். சங்ககிரி லாரி ஆபீஸிலிருந்து ஒருவர், பெண்ணின் உயரம் போட்டிருப்பது செருப்போடா செருப்பில்லாமலா என்று கேட்டார். அண்ணாவைக் கூப்பிட்டு நன்றாக டோஸ் விட்டேன். குறை கேட்பதற்கு உங்களைவிடப் பொறுமையான ஆள் யார் இருக்கிறார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து! எடுத்துவிடுகிறேன், எடுத்துவிடுகிறேன் என்றே நாளைக் கடத்தினார்.

அப்படி ஒருநாள் மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. குறை சொல்கிற நம்பர்தானே என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஜாதகம் பார்க்கிற இடம் இல்லை என்று எரிந்து விழுந்தேன். அந்தக் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

“தெரியுமுங்க அக்கா. நான் எங்க வேலை பாக்கறேன்னு யாருகிட்டங்க சொன்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள், இடையில் யாராவது கடந்து போனால் நிறுத்திக்கொண்டு.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். வாழப்பாடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப்பில் வேலை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகளோடு அங்கேயே வீடு எடுத்துத் தனியாக இருக்கிறாள். விவாகரத்து ஆகிவிட்டது. அவளுடைய பழைய புருஷன் அவளை நிம்மதியாக இருக்க விடுகிற ஆள் இல்லை. எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும் வந்து நின்றுவிடுவார். ஏற்கெனவே அப்படி இரண்டு ஊர் மாறிவிட்டாள். வாழப்பாடி வந்த பிறகு ஊர்ப் பெயரைத் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இங்கேதான் மகள் முதல் முறையாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருக்கிறாளாம். வெப்சைட்டில் மறுமணத்துக்குப் பதிவு செய்தபோதும் படம் கொடுக்கவில்லை, பெயரும் வேலை பார்க்கிற இடமும் வெளியே தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தாள். வெப்சைட்டும் பெயரைக் காட்டவில்லை. பெயருக்குப் பதில் ஒரு எண், அதன் கீழே கூட்டம், நட்சத்திரம், பிறந்த வருஷம், மறுமணம், ஒரு பெண் குழந்தை. இதற்கு மேல் பெயர் எதற்கு? எங்கள் பக்கத்தில் இவ்வளவு சொன்னாலே வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடலாம்.

அவர் வந்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிற இடத்தில், பெஞ்சில், சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த வாரமும் வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசினார். போன் செய்ததற்கு முந்தின நாள், கூட வேலை பார்க்கிற பெண்ணிடம், குழந்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

யார் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். அதற்குத்தான் அவள் சொன்னாள், அவர் அவளுடைய அம்மாவின் கடைசித் தம்பி. தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

“உங்க மாமா வந்திருக்காருன்னு சந்தோசமா வந்து கூப்புடறாங்க அக்கா. இல்லைன்னு நான் எப்படிங்க சொல்றது? மாமாதானுங்களே.”

அம்மாவிடம் ஊர்ப் பெயரைச் சொல்லாததற்கும் அதுதான் காரணம். தம்பி கண்ணைக் கசக்கினால் அம்மாவுக்குத் தாங்காது, சொல்லிவிடுவார். என்ன கொடுமை செய்தார், ஏன் பிரிந்தாய் என்று கேட்க என் வாய் துடித்தது. அந்த ஒரு கேள்வியை எப்படியோ விழுங்கினேன்.

மறுநாள் காலையிலேயே திருச்செங்கோட்டுக்குப் போனேன். பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. ஆபீஸில் போன் எடுக்கிற பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும், வேலையில் கெட்டிக்காரி. மறுமணம் என்று வருகிற பெண்களிடம் கூடுதல் பரிவோடு பேசுவாள். அந்த எண்ணுக்கு உரிய விவரத்தை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். உடனே ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு. தாய்மாமன் பேசினார், ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது, பெண்ணை நேரில் பார்த்துச் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றார், கொடுத்தேன் என்றாள். அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவில்லையாம். சோதித்துத்தான் கொடுத்தாளாம். கூட்டம் கேட்டாள், குலதெய்வம் கேட்டாள், நட்சத்திரம் கேட்டாள். பாதம் வரைக்கும் பிசகில்லாமல் சொன்னாராம்.

சொல்லாமல் என்ன செய்வார்! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மூன்றாம் நபர் யாருக்கும் தர மாட்டோம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. படித்திருக்கிறாள். வெப்சைட்டில் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது. அதனால்தான் அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“ஏனுங்க, தாய்மாமன் மூணாவது மனுசனுங்களா?”

குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். சீர் வருவது அவர் வீட்டிலிருந்துதான். கல்யாணப் பந்தலில் எல்லாரும் வந்த பிறகும் அவர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். எங்கள் பேச்சில் மூணாவது மனுசன் என்றால் ஊரான், ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் நான் எழுதியிருந்தேன். அதை எழுதியபடியே அவள் கடைப்பிடித்திருக்கிறாள்.

கோபம் இறங்கிவிட்டது. அதற்குப் பதில் வந்த பயம்தான் தாங்கவில்லை. உட்கார்ந்து விளக்கினேன். இந்த வெப்சைட் ஒருவர், பதிவு செய்த பெண் இன்னொருவர், அவ்வளவுதான். உலகத்தில் மற்ற எல்லாரும் மூன்றாம் நபர். பெற்ற அம்மாவுமா என்று அவள் கேட்டாள். பெற்ற அம்மாவும்தான் என்றேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அபசகுனமாக ஏதோ சொல்லிவிட்டதைப் போல என்னைப் பார்த்தாள். ஆனால் அந்த மாமன்தான் பழைய புருஷன் என்று நான் சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அண்ணா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. உடனே சட்டையைச் சரி செய்துகொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். மாமனுடைய ஊர் அவருக்குத் தெரியும், அங்கே அவருக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள். நாலு பெரிய மனிதர்களை வைத்துப் பேசி, இனி அந்தப் பெண் பக்கம் போகக் கூடாது என்று எழுதி வாங்கிவிடலாம் என்றார். வாசலில் போய் மறித்துக்கொண்டு நின்றேன். இப்போது ஒரு மாமனுக்குத் தெரிந்திருக்கிறது, நீங்கள் போய்ப் பேசினால் ஒரு ஊருக்கே தெரிந்துவிடும், உங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகட்டும், ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பெண் அல்லாடும்போது நாலு பேரைக் கூட்டாமல் இருப்பது அவர் வழக்கத்திலேயே இல்லை.

பக்கத்தைத் திருத்தினேன். நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்தவரைத் தவிர, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், மாமன், மச்சான், பங்காளி யார் கேட்டாலும் உங்கள் விவரத்தைத் தர மாட்டோம் என்று எழுதினேன். அண்ணா பதறிப் போனார். பிள்ளைகளைப் பதிவு செய்வதே அப்பா அம்மாதான், அவர்களையே வெளியே நிறுத்தினால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். மூடுங்கள் என்றேன். ஒருநாள் முழுக்க இழுபறி நடந்தது. கடைசியில் முழு வரியும் அப்படியே ஏறியது. யாராக இருந்தாலும் விவரத்தைத் திருத்தவோ அழிக்கவோ போனில் சொன்னால் செல்லாது, சம்பந்தப்பட்டவரே ஆதாரோடு நேரில் வர வேண்டும் என்றும் சேர்த்தோம். அந்த வாரமே ராசிபுரத்திலிருந்து ஒரு தாய்மாமன் எனக்குப் போன் போட்டு, எங்களை என்ன திருட்டுப் பசங்கள் என்று நினைத்தீர்களா என்று கேட்டார். நம்பரை இன்னும் எடுத்திருக்கவில்லை.

அவள் நேரில் வந்தாள். நான் போட்ட விதிதான் அவளை வாழப்பாடியிலிருந்து வரவழைத்தது. சின்ன உருவம், லேப்பில் வேலை செய்கிறவர்களுக்கே உரிய சுத்தமான விரல்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. போன் எடுக்கிற பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டபோது, பரவாயில்லைங்க, நீங்க நல்லது நெனச்சுத்தானுங்க செஞ்சீங்க என்றாள்.

அழிப்பதற்குக் கம்ப்யூட்டர் ஒரு காரணம் கேட்டது. இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான், ‘திருமணம் நிச்சயமாகிவிட்டது.’ வேறு எதற்காக ஒருத்தி இங்கிருந்து போவாள் என்று வெப்சைட்டைச் செய்து கொடுத்த கம்பெனிக்குத் தோன்றவில்லை. அண்ணா அதை அமுக்கத் தயங்கினார். கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு மாற்றச் சொல்கிறேன், இரண்டு நாள் பொறு சாமி என்றார். அவள் எட்டி, தானே அமுக்கினாள். சிரித்துவிட்டாள்கூட. அவள் போனில் வாழ்த்துச் செய்தி வந்து விழுந்தது. எல்லாம் போய்விட்டதா என்று கேட்டாள். இங்கே இருந்ததெல்லாம் போய்விட்டது என்றேன். மாமன் தெரிந்துகொண்டதை அழிக்க ஒரு பட்டனும் இல்லை, அது அவளுக்கும் தெரியும்.

இரண்டு பேருமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழியில்தான் சொன்னாள், வேலையை விட்டுவிட்டாளாம். மகளுக்கு டி.சி. வாங்கியாகிவிட்டதாம். குழந்தை இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அழுகிறதாம், அந்தச் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறதாம்.

“எனக்குன்னு ஒருத்தர் வேணும்னு நெனச்சேனுங்க அக்கா. அது அவ்வளவு பெரிய தப்புங்களா?”

தப்பே இல்லை என்றேன். ஆதரவாக இருக்கட்டுமே என்று, பஸ்ஸில் யாரிடமும் கேட்பதைப் போலக் கேட்டுவிட்டேன், அடுத்து எந்த ஊருக்குப் போகிறாய் என்று.

அவள் என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தாள். “பக்கத்துலதானுங்க அக்கா.”

நாமக்கல் பஸ் வந்தது. அவளைத் தனியாக விட மனமில்லாமல் அதை விட்டுவிட்டேன். ஈரோட்டு பஸ் வந்து போனது. சேலம் பஸ் வந்து போனது. சங்ககிரி வண்டி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தது. அவள் எதிலும் ஏறவில்லை. மகளின் படிப்பு, ஆஸ்பத்திரி கேண்டீன் டீ, எங்கள் பக்கத்து மழை என்று பேசிக்கொண்டே நின்றாள். என் பேச்சு அவளுக்குப் பிடித்திருக்கிறது, கிளம்ப மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் ஒரு சேலம் பஸ் வந்தது. அவள் கண் ஒரு நொடி அதன் பக்கம் போய்விட்டு, உடனே என் முகத்துக்குத் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போவதற்காகத்தான் அவள் நிற்கிறாள்.

அடுத்த நாமக்கல் பஸ் வரும்வரை நான் வேறு எதையும் கேட்கவில்லை. அது வந்ததும், போயிட்டு வாரேன் சாமி என்று அவள் கையை ஒருமுறை பிடித்துவிட்டு ஏறினேன். ஜன்னலோரம் இரண்டு பக்கமும் இடம் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.